பன்னிரண்டு தட்டல் தூரம்

ஒரு காட்டில், பிள்ளைகளே, மரமே இல்லாத ஓர் இடம் இருந்தது. காட்டுக்குள் மரமில்லாத இடமா என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். பாறையும் சரளைக்கல்லுமாகக் கிடந்தால் மரம் எங்கே வேர்விடும்? அந்தப் பொட்டலுக்குக் கிழக்கே அடர்ந்த காடு, மேற்கே வற்றாத ஆறு. நடுவில் ஒளிந்துகொள்ள ஒரு செடிகூடக் கிடையாது.

கோடை வந்து காட்டுக் குளம் வற்றியதும் புள்ளிமான் கூட்டம் அந்தப் பொட்டலைக் கடந்தாக வேண்டும். ஆற்றைத் தாண்டி அக்கரைத் தோப்புக்குப் போய்விட்டால் மழைக்காலம்வரை தண்ணீருக்கும் புல்லுக்கும் பஞ்சமில்லை. மழை பெய்த பிறகு வழியெல்லாம் தண்ணீர் கிடைக்கும், தூரத்து மலைத்தொடரைச் சுற்றிக்கொண்டு மெதுவாகத் திரும்பி வரலாம். ஆகவே பொட்டலைக் கடப்பது வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான்.

ஆனால் பொட்டலின் ஓரத்தில் ஒரு கரும்பாறை இருந்தது. அந்தப் பாறையின் பின்னால் ஒரு சிறுத்தை இருந்தான். வருடா வருடம் அவன் ஒரு மானைப் பிடித்தான். எந்த மானை என்கிறீர்களா? கடைசியாக வருகிற மானைத்தான்.

காட்டிலிருந்து பொட்டலுக்குப் போக இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்குதான் வழி. ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். அதனால் மான்கள் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். போன வருடம் யார் யார் எந்த வரிசையில் ஆற்றங்கரையை அடைந்தார்களோ, அதே வரிசையில் இந்த வருடம் இடுக்கில் நுழைய வேண்டும். வேகமானவர்கள் முன்னால் போனால் நெரிசல் இருக்காது என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்வார்கள். கடைசியில் நிற்பது நாமாக இல்லாதவரை அது நல்ல நியாயம்தான்.

இந்த வருடம் கடைசியில் நிற்க வேண்டியவள் தவிட்டி.

தவிட்டு நிறத்தில் பிறந்ததால் அந்தப் பெண்மானுக்கு அப்படிப் பெயர். போன கோடையில் அவள் கடைசிக்கு முந்தியவளாக ஓடினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய தோழி செம்மறு ஓடி வந்தாள். ஆற்றங்கரையில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தபோது பின்னால் புழுதி மட்டும்தான் இருந்தது.

மழைக்குப் பிறகு காட்டுக்குத் திரும்பியதிலிருந்து எல்லாரும் தவிட்டியிடம் ரொம்பப் பிரியமாக நடந்துகொண்டார்கள்.

"இந்தக் கொழுந்தை நீ சாப்பிடு தவிட்டி, எனக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு" என்றாள் ஒருத்தி.

"வெயில்ல ஏன் நிக்கறே? இந்த நிழலுக்கு வா" என்றான் இன்னொருத்தன்.

நம்மை இத்தனை பேருக்குப் பிடிக்கிறதே என்று தவிட்டிக்கு முதலில் உச்சி குளிர்ந்துபோனது. நெல்லி மரத்தடியில், வயதானாலும் ஓட்டம் குறையாத ஒரு கிழட்டுப் பெண்மான் உண்டு. யாரையும் பக்கத்தில் அண்டவிடாது, முட்டித் தள்ளும். ஒருநாள் அந்தக் கிழட்டு மானே விலகி வழிவிட்டது. "சாப்பிடு தாயி, இருக்கறவரைக்கும் நல்லாச் சாப்பிடு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

வாயில் வைத்த நெல்லிக்காயைத் தவிட்டி கீழே போட்டாள். எல்லாருடைய பிரியத்துக்கும் காரணம் அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவளை ஏற்கெனவே வழியனுப்பிவிட்டார்கள்.

அவள் நேராகக் கூட்டத்தின் தலைவரிடம் போனாள். அவர் பெயர் கவைக்கொம்பர். நல்லவர்தான். ஆனால் முன்னோர் வைத்த எதையும் மாற்றத் துணியாதவர்.

"பெரியவரே, வரிசையைப் புதுசா வைக்கலாமே? இன்னொரு தடவை எல்லாரும் ஓடிப் பார்க்கலாமே?" என்றாள்.

"இன்னைக்கு உனக்காக மாத்தினா நாளைக்கு இன்னொருத்தி வந்து நிப்பா. அப்புறம் கூட்டம்னு ஒண்ணு இருக்காது" என்றார் அவர்.

"அப்போ நான் என்ன செய்யறது?"

கவைக்கொம்பர் தரையைப் பார்த்தார். "வேகமா ஓடு" என்றார்.

குளம் வற்ற இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் வேகத்தைக் கூட்டிக்கொள்வது என்று தவிட்டி தீர்மானித்தாள். யாரிடம் கற்றுக்கொள்வது? அந்தக் காட்டில் பயிற்சி என்றதும் எல்லாரும் கை காட்டுவது ஒரே ஆளைத்தான். அவன் மொத்தையன் என்ற காட்டெருது. கிழக்கு மலையைத் தினமும் காலை முதல் மாலைவரை சுற்றி ஓடுகிறவன். உழைப்பு என்றால் அவனுக்கு உயிர்.

"சொல்லித்தரேன் தங்கச்சி. ஆனா என்கிட்ட வந்தா சோம்பல் கூடாது" என்றான் மொத்தையன்.

"உயிரே போகப்போகுது அண்ணே. சோம்பலுக்கு எங்க நேரம்?"

"அப்படின்னா நாளைக்கு விடியும்போது வந்துடு."

தொடங்குவதற்கு முன் தன் வேகம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத் தவிட்டி நினைத்தாள். அதற்கு அவள் துடுக்கியிடம் போனாள். துடுக்கி ஒரு முயல், நான்கு குட்டிகளுக்குத் தாய். மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். அதனாலேயே அவளுக்குச் சிநேகிதம் குறைவு. முயல்கள் ஆபத்து வந்தால் பின்காலால் தரையைத் தட்டும் அல்லவா? துடுக்கி சும்மா இருக்கும்போதும் தட்டுவாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் போல அவள் தட்டல் சீராக இருக்கும்.

"இந்த இலந்தைப் புதர்லேர்ந்து அந்தப் புத்துவரைக்கும் ஓடறேன். நீ தட்டிக்கிட்டே எண்ணு" என்றாள் தவிட்டி.

ஓடினாள். துடுக்கி எண்ணினாள்.

"இருபது தட்டல். உங்க தலைவர் பதினஞ்சுல ஓடுவார், பார்த்திருக்கேன்" என்றாள் துடுக்கி. ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

மறுநாள் பயிற்சி தொடங்கியது. மொத்தையன் முன்னால் ஓட, தவிட்டி பின்னால் ஓடினாள். மலையைச் சுற்றி ஒரு முறை, இரண்டு முறை, ஐந்து முறை. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மொத்தையன் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்டான்.

"வாயில நுரை வந்துச்சா?"

"இன்னும் இல்லை அண்ணே."

"அப்போ இன்னொரு சுத்து!"

நுரை வந்தால்தான் அன்றைய பாடம் முடிந்தது என்று அர்த்தம். முதல் நாள் நுரை தள்ளியபோது தவிட்டிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கால்கள் வெடவெடவென்று நடுங்கின. இவ்வளவு வலிக்கிறதென்றால் வேகம் ஏறிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று நினைத்தபடி தூங்கிப்போனாள்.

பத்து நாள் கழித்து இலந்தைப் புதரிலிருந்து ஓடினாள்.

"இருபத்திரண்டு" என்றாள் துடுக்கி.

"சரியா எண்ணினியா?"

"என் காலு எனக்குத் தெரியாதா? ரெண்டு கூடியிருக்குடி."

தவிட்டி ஓடிப்போய் மொத்தையனிடம் சொன்னாள். அவன் கொம்பை ஆட்டினான். "போதலை தங்கச்சி. உன் உடம்பு இன்னும் முழுசா வேலை செய்யலை. நாளையிலேர்ந்து கழுத்துல ஒரு கல்லைக் கட்டிக்கிட்டு ஓடு."

காட்டுக்கொடியில் கல்லைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு அவள் ஓடினாள். நடக்கும்போதும் கால் வலித்தது, படுத்தாலும் வலித்தது. புல்லைக் கண்டால் பிடிக்கவில்லை. உடம்பில் எலும்பு தெரிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்து, "என்ன உழைப்பு, என்ன உழைப்பு!" என்று வியந்தார்கள். இருபதாம் நாள் மறுபடி ஓடிப் பார்த்தாள்.

துடுக்கி எண்ணி முடித்துவிட்டு உடனே பேசவில்லை. அது அவளுக்கு வழக்கமே இல்லாத காரியம்.

"சொல்லித் தொலையேன்" என்றாள் தவிட்டி.

"இருபத்தஞ்சு."

தவிட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேர்மையாக உழைத்தும் கீழே போகிறோமே, இது என்ன அநியாயம் என்று அவள் மனம் கொதித்தது. அன்று மொத்தையனிடம் போகாமல் கால்போன போக்கில் நடந்தாள். நடந்து நடந்து பொட்டலின் ஓரத்துக்கே வந்துவிட்டாள். அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்கக்கூடத் தெம்பில்லை. ஒரு மேட்டின் மேல் அடர்ந்திருந்த காரைப் புதருக்குள் விழுந்து கிடந்தாள்.

கண் திறந்தபோது உச்சிவெயில். புதரின் இடைவெளியில் எட்டிப் பார்த்தாள். கீழே, கரும்பாறையின் நிழலில், சிறுத்தை படுத்திருந்தான்.

எழுந்து ஓட அவளால் முடியவில்லை. நல்லவேளையாகக் காற்று அவனிடமிருந்து அவள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. அவள் வாசனை அவனுக்கு எட்டாது. வேறு வழியில்லாமல் அங்கேயே கிடந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிறுத்தை தூங்கினான். புரண்டு படுத்து மறுபடியும் தூங்கினான். ஓர் ஈ மூக்கில் உட்கார்ந்தபோது கண்ணைத் திறந்தான், அவ்வளவுதான். வெயில் சாய்ந்த பிறகு எழுந்து முன்கால்களை நீட்டி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தான். பாறையைச் சுற்றி மெல்ல நடந்தான். அப்போது தூரத்தில் ஒரு காட்டுப்பன்றி வந்தது. அடுத்த நொடி அவன் அங்கே இல்லை! மஞ்சளாக ஏதோ ஒன்று பொட்டலில் பறந்ததைத்தான் தவிட்டி கண்டாள். பன்றி ஒரு பொந்துக்குள் புகுந்து தப்பித்துவிட்டது. சிறுத்தை நின்றான். துரத்திக்கொண்டே போகவில்லை. வயிறு ஏறி இறங்க மூச்சு வாங்கிவிட்டு, திரும்பி வந்து, மறுபடியும் படுத்துக்கொண்டான்.

தவிட்டி அன்று இருட்டுவதற்குள் காட்டுக்குத் திரும்பினாள். நேராகத் துடுக்கியின் வளைக்குப் போனாள்.

"துடுக்கி, நாளைக்கு என்கூட வா. ஒருத்தரோட ஓட்டத்தை எண்ணணும்."

"யாரோட ஓட்டத்தை?"

"சிறுத்தையோடது."

"உனக்கு நட்டு கழண்டு போச்சா? என் குட்டிங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்று துடுக்கி குதித்தாள். ஆனாலும் மறுநாள் வந்தாள். அப்படிப்பட்ட சிநேகிதி அவள்.

ஐந்து நாட்கள் இருவரும் காற்றின் திசை பார்த்து அந்தப் புதருக்குள் ஒளிந்திருந்தார்கள். துடுக்கி சத்தம் வராமல் பாசியின் மேல் தட்டி எண்ணினாள். அந்த ஐந்து நாளில் சிறுத்தை ஓடியது மூன்றே முறை. இரண்டு நாள் அவன் ஓடவே இல்லை. ஓடிய மூன்று முறையும் உயிரைக் கொடுத்து ஓடினான். மற்ற நேரமெல்லாம் நடந்தான், இல்லாவிட்டால் படுத்தான். அவன் அரைகுறையாக ஓடுவதை அவர்கள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"பன்னிரண்டு, பதினொண்ணு, பன்னிரண்டு" என்றாள் துடுக்கி. "பன்னிரண்டு தட்டலுக்குமேல அவனால அப்படி ஓட முடியலை. நின்னுடறான்."

தவிட்டி கரும்பாறையின் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "இந்தக் காட்டுல அவனைவிட வேகமா ஓடறவங்க யாரும் இல்லை. அவனைவிடக் குறைச்சலா ஓடறவங்களும் யாரும் இல்லை. நான் இருபது நாளா சாயங்காலம்வரைக்கும் ஓடினேனே, அது எதுக்கு? எனக்குத் தேவை பன்னிரண்டு தட்டல்தான்."

அன்று மாலை அவள் மொத்தையனைத் தேடிப் போனாள்.

"அண்ணே, நாளையிலேர்ந்து நான் மலையைச் சுத்தி ஓட வரலை."

மொத்தையனின் முகம் வாடியது. "நான் உன்னை ஏமாத்தலை தங்கச்சி. எனக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்."

"அது எனக்குத் தெரியும் அண்ணே. ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்களை யாராவது துரத்தியிருக்காங்களா?"

மொத்தையன் யோசித்தான். அசைபோடுவதைக்கூட நிறுத்திவிட்டு யோசித்தான். "என்னையா? என்னை யாரு துரத்துவா?"

தவிட்டி அவனுடைய கூரிய கொம்புகளைப் பார்த்தாள்.

மொத்தையனே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "அப்போ, நான் சொல்லிக்கொடுத்தது என்னோட ஓட்டத்தை. உன்னோடதை இல்லை" என்றான். அந்தப் பெரிய உடம்புக்குள் இருந்து அத்தனை சின்னக் குரலைத் தவிட்டி அதுவரை கேட்டதில்லை. அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வேணும்னா நீங்க என்கூட வாங்க அண்ணே. குளத்துக்குப் பக்கத்து மணல்மேட்டுல நான் ஓடறதைப் பார்த்துக்குங்க" என்றாள்.

முதல் நான்கு நாட்கள் அவள் ஓடவே இல்லை. வயிறாரத் தின்றாள், குளத்தோரம் நடந்தாள், தூங்கினாள். ஐந்தாம் நாள் கால்வலி நின்றது. அதன் பிறகு குளத்துக்குப் பக்கத்தில் மணல் குவிந்திருந்த மேட்டுக்குப் போனாள். முதலில் சிறுத்தை செய்ததைப் போலக் கால்களை நீட்டி மடக்கி மெல்ல நடந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு மேட்டின் அடியிலிருந்து உச்சிக்கு, சிறுத்தை வாலைத் தொட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு, ஒரே பாய்ச்சலாக ஓடினாள். மணலில் பின்கால்கள் புதைந்து புதைந்து எழும்பின. பன்னிரண்டு தட்டல் முடிந்ததும் நின்றுவிட்டாள்.

உடனே மறுபடி ஓடத் திரும்பியவளை மொத்தையன் தடுத்தான். இப்போது அவனுடைய கேள்வி மாறியிருந்தது.

"மூச்சு அடங்குச்சா?"

"இன்னும் இல்லை அண்ணே."

"அப்போ நில்லு!"

மூச்சு அடங்கிய பிறகு அடுத்த ஓட்டம். அப்படி ஆறே ஆறு ஓட்டம். ஆறாவது ஓட்டத்தில் வேகம் குறைவது தெரிந்ததும் துடுக்கி, "இன்னைக்கு இது போதும்" என்று காலைத் தூக்கி நிறுத்திவிட்டாள். மறுநாள் முழுக்க ஓய்வு.

பிள்ளைகளே, அதில் எது கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? மேட்டில் ஓடுவது கஷ்டமே இல்லை. ஓய்வு நாளில் சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தவிட்டி நிழலில் படுத்திருப்பதைப் பார்த்துக் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"முன்னெல்லாம் எப்படி உழைச்சா! இப்போ விதி விட்ட வழின்னு படுத்துட்டாளே" என்றது நெல்லி மரத்தடிக் கிழட்டு மான்.

அதைக் கேட்கக் கேட்கத் தவிட்டிக்கு உடம்பு கூசியது. படுத்திருப்பது திருட்டுத்தனம் செய்வது போல இருந்தது. ஓர் ஓய்வு நாளில் பொறுக்க முடியாமல் யாருக்கும் தெரியாமல் எழுந்துபோய் மலையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள். மறுநாள் புதரிலிருந்து புற்றுவரை ஓடியபோது துடுக்கி முறைத்தாள்.

"நாலு நாளைக்கு முந்தி பத்தொன்பது. இன்னைக்கு இருபத்தொண்ணு. நேத்து எங்கடி போனே?"

தவிட்டி உண்மையைச் சொன்னாள்.

"ஊரு வாய்க்குப் பயந்து ஓடினியா? பொட்டல்ல அந்த ஊரா வந்து உன்னைக் காப்பாத்தும்?" என்று துடுக்கி பொரிந்து தள்ளினாள். அதன் பிறகு தவிட்டி ஓய்வு நாளில் காதை மடக்கிக்கொண்டு படுக்கக் கற்றுக்கொண்டாள்.

நாட்கள் போயின. பதினெட்டு, பதினேழு. ஓர் ஓய்வு நாளுக்கு அடுத்த காலையில் கால்கள் தானாகவே துள்ளின. அன்று பதினைந்தரை. அரைத் தட்டலை எப்படி எண்ணினாய் என்று கேட்டதற்கு, காலைப் பாதி தூக்கும்போது நீ வந்துவிட்டாய் என்றாள் துடுக்கி.

குளம் சேறாகிவிட்டது. நாளைக் காலை புறப்பாடு என்று கவைக்கொம்பர் அறிவித்தார்.

"அவர்கிட்டப் போய்ச் சொல்லுடி. உன் வேகத்தை ஓடிக் காட்டு. முன்னால போக இடம் கேளு" என்று துடுக்கி நச்சரித்தாள்.

தவிட்டியும் போகத்தான் எழுந்தாள். பாதி வழியில் நின்றாள். வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்க வேண்டியவள் பூங்கொடி. அப்போதுதான் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள். தவிட்டி முன்னால் போனால் கடைசியில் நிற்கப்போவது பூங்கொடிதான்.

"ஏன் நின்னுட்டே?" என்றாள் துடுக்கி.

"அவளால பன்னிரண்டு தட்டல் தாங்க முடியாது. என்னால முடியும்னு நினைக்கறேன்."

"நினைக்கறியா, தெரியுமா?"

"நினைக்கறேன்" என்றாள் தவிட்டி. ஆனாலும் தலைவரிடம் போகாமல் திரும்பி நடந்துவிட்டாள்.

விடியற்காலை. இடுக்கின் வாயில் மான்கள் வரிசையாக நின்றார்கள். தவிட்டி பின்னால் ஒரு மூலையில் கால்களை நீட்டி மடக்கி, மெல்ல நடந்துகொண்டிருந்தாள். பயத்தில் அலைகிறாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். இடுக்குப் பாறையின் மேல் துடுக்கியும், அவளுக்குப் பக்கத்தில் மொத்தையனும் நின்றார்கள்.

கவைக்கொம்பர் பாய்ந்தார். அவர் பின்னால் ஒவ்வொருவராகப் பாய்ந்தார்கள். புழுதி எழுந்தது. பூங்கொடி போனாள். கடைசியாகத் தவிட்டி இடுக்கைவிட்டு வெளியே வந்ததும் கரும்பாறையின் பின்னாலிருந்து சிறுத்தை கிளம்பினான்.

துடுக்கியின் கால் தட்டத் தொடங்கியது. ஒன்று. இரண்டு.

மூன்றாவது தட்டலில் தனக்கும் தவிட்டிக்கும் நடுவே இருந்த தூரத்தில் பாதியைச் சிறுத்தை கடந்துவிட்டான். ஐந்தாவதில் அவன் பாதங்கள் சரளையில் படும் ஓசை தவிட்டிக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மணல்மேட்டை நினைத்துப் பின்கால்களை உதைத்தாள். இங்கே மணல் இல்லை, கால் புதையவில்லை. தரையே தன்னைத் தூக்கி வீசுவதுபோல அவளுக்கு இருந்தது.

எட்டு. முன்னால் போன பூங்கொடியின் முதுகு தெரிந்தது. ஒன்பது. சிறுத்தையின் மூச்சு அவள் பின்னங்காலில் சுட்டது. பத்து. நகம் ஒன்று தொடையில் கீறிக்கொண்டு போனது.

மொத்தையன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். "எண்ணு, எண்ணு" என்று முனகினான்.

பதினொன்று. பின்னாலிருந்து சூடான மூச்சு விலகியது. பன்னிரண்டு. பாத ஓசை தடுமாறியது. பதின்மூன்று தட்டியபோது தவிட்டியின் காதில் அவளுடைய குளம்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

சிறுத்தை பொட்டலின் நடுவில் நின்று மூச்சு வாங்கினான். போகிற மானைப் பார்த்தான். பிறகு வேறு இரை தேடிக் காட்டுக்குள் நடந்தான். அவனுக்கும் வயிறு இருக்கிறதே!

அக்கரைத் தோப்பை அடைந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கவைக்கொம்பரின் வேலை. ஒவ்வொரு பெயராகச் சொன்னார். "இருக்கேன்", "இருக்கேன்" என்று ஒவ்வொருவரும் குரல் கொடுத்தார்கள். பூங்கொடியும் குரல் கொடுத்தாள். கடைசிப் பெயர் வந்தபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூட்டமே குனிந்துகொண்டது.

"தவிட்டி" என்றார், பாதிக் குரலில். பதிலுக்குக் காத்திராமல் திரும்பி நடக்கப் போனார்.

"இருக்கேன், பெரியவரே."

கவைக்கொம்பர் திடுக்கிட்டுத் திரும்பினார். தொடையில் ரத்தக் கீறலோடு, ஆற்றுநீர் சொட்டச் சொட்டத் தவிட்டி நின்றுகொண்டிருந்தாள். அவர் நம்பவில்லை. முதலிலிருந்து எல்லாப் பெயரையும் இன்னொரு முறை கூப்பிட்டார். ஒரு பெயருக்குக்கூடப் பதில் வராமல் போகவில்லை. அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். அவர் தலைவரான பிறகு அப்படி ஒரு கோடை வந்ததே இல்லை.

"நீ பாதி நாள் படுத்துத்தானே கிடந்தே?" என்றது கிழட்டு மான்.

"ஆமா பாட்டி. பாதி நாள் படுத்துத்தான் கிடந்தேன்" என்றாள் தவிட்டி.

கவைக்கொம்பர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "அப்போ அடுத்த வருஷம் கடைசியில யாரும்மா நிக்கறது?"

"யாரு வேணும்னாலும் நிக்கலாம் பெரியவரே. நாளைக்கு எல்லாரும் ஓய்வெடுங்க. நாளன்னைக்குக் காலையில இந்த ஆத்தங்கரை மணல்மேட்டுக்கு வந்துடுங்க."

நீதி: எவ்வளவு களைத்தோம் என்பது பயிற்சிக்கு அளவல்ல, நமக்கு எது தேவையோ அதை முழு மூச்சாகப் பழகி, பழகியது உடம்பில் ஊறும்படி ஓய்வும் கொடுப்பதே பயிற்சி.